ஓடு உடையாத வரை

குன்றிமணியைக் கையில் எடுத்துப் பார்க்காத தமிழர் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அபூர்வம். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால் கண்ணாகப் பதிந்திருப்பது அதுதான். சோழியும் புளியங்கொட்டையும் அகப்படாத வீட்டில் பல்லாங்குழிக்கு அதுவே காய். பத்தர் கடையில் சின்னத் தராசின் ஒரு தட்டில் தங்கம், மறு தட்டில் குன்றிமணி. ‘குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்று அங்கலாய்க்கும்போது வாயில் வருவதும் அதுதான். இத்தனை தூரம் வீட்டுக்குள் புழங்கிய ஒரு விதை, தாவர நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. இதை யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. ‘வாயில வெச்சுக் கடிச்சிடாதே’ என்று பெரியவர்கள் ஒரு தடவை சொல்வார்கள். பிறகு அந்த விதையையே விளையாடக் கொடுப்பார்கள்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தில் குன்றியைப் பற்றிய முக்கியமான உண்மை இருக்கிறது. விதை ஆபத்து என்று அது சொல்லவில்லை. கடிப்பது ஆபத்து என்று சொல்கிறது.

குன்றி வேலியோரத்துக் கொடி. முள்ளிலும் புதரிலும் சுற்றிக்கொண்டு ஏறும். தானாக நிற்கும் தெம்பு தண்டுக்குக் கிடையாது. ஆனால் வயதான கொடியின் அடித்தண்டு கட்டையாகிவிடும். இலை புளிய இலையை நினைவூட்டும்: ஈர்க்கின் இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், பொழுது சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும். மழைக்குப் பின் வெளிர் ஊதா நிறத்தில் பூக்கும். அவரைக் குடும்பம் என்று பூவைப் பார்த்தாலே தெரியும். பிறகு கொத்தாகக் காய்கள். காய் முற்றி உலர்ந்ததும் இரண்டாகப் பிளந்து பின்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். விதைகள் உடனே உதிர்வதில்லை. பிளந்த தோட்டின் விளிம்பில் ஒட்டியபடியே வெகு நாள் நிற்கும். தின்பதற்குச் சதை ஒரு துளியும் இல்லை. சிவப்பைப் பார்த்துப் பழம் என்று பறவை ஏமாறட்டும் என்பது கொடியின் கணக்கு என்கிறார்கள் தாவரவியலார். ஏமாந்த பறவைக்கு ஆதாயமும் இல்லை, சேதமும் இல்லை. விதை முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வந்து வேறொரு வேலியில் விழுகிறது.

முழுசாக வெளியே வர வைப்பது ஓடு. ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். பெரும்பகுதி சிவப்பு, ஒரு முனையில் மட்டும் கறுப்பு. கறுப்புக்குள் சிறிய வெள்ளைத் தழும்பு. காயோடு ஒட்டியிருந்த இடம் அது. நகத்தால் கீறினால் கோடு விழாது. கத்தியை வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீரில் ஊறப்போட்டால் மற்றப் பயறுகள் ஒரே இரவில் பருக்கும். இதில் பல விதைகள் நாள்கணக்கில் கிடந்தாலும் போட்டது போட்டபடி இருக்கும். முளைக்க வைக்க நினைக்கிறவர்கள் உப்புத்தாளில் தேய்த்தோ வெந்நீரில் போட்டோ ஓட்டை நலியவைத்துத்தான் விதைக்கிறார்கள். வயிற்றின் செரிமான நீருக்கும் அந்த ஓடு எளிதில் இடம் கொடுப்பதில்லை. குழந்தைகள் மெல்லாமல் விழுங்கிய விதை பெரும்பாலும் தீங்கு செய்யாமல் வெளியேறிவிடுவது இதனால்தான்.

மென்றுவிட்டால் கதை வேறு. உள்ளே இருப்பது அப்ரின் என்ற புரதம். அதற்கு இரண்டு பாகங்கள். ஒரு பாகம் உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே போக வழி செய்கிறது. மற்றது உள்ளே நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தேடிப் போய், அதிலுள்ள ஆர்.என்.ஏ. சரத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்திலிருக்கும் ஒரே ஓர் அடினைனைப் பெயர்த்தெடுக்கிறது. அவ்வளவுதான், அந்த ரைபோசோம் இனி வேலைக்கு ஆகாது. நஞ்சு மூலக்கூறு தான் தீர்ந்துபோகாமல் அடுத்ததற்கு நகர்கிறது, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்கள் என்ற வேகத்தில். புரதம் செய்ய வழியற்ற உயிரணு சாகிறது. வயிற்றுக்குள் போனால் முதலில் அடி வாங்குவது குடல்: வாந்தி, இரத்தப்போக்கோடு பேதி, உடம்பில் நீர் வற்றுதல். பிறகு ஈரலும் சிறுநீரகமும். இதில் ஏமாற்றும் விஷயம், விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஆள் நன்றாக இருப்பது. சிலருக்கு ஒரு நாளைக்கு மேலும் ஒன்றும் தெரியாது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசினுக்கு அப்ரின் நெருங்கிய சொந்தம், அதைவிடக் கடுமையானது. இரண்டுக்கும் புழக்கத்தில் முறிவு மருந்து கிடையாது.

குன்றியின் கறுப்பு முனையை அறத்துக்கு எடுத்துக்கொண்டவர் வள்ளுவர். ‘கூடா ஒழுக்கம்’ அதிகாரத்தில் போலித் துறவிகளைச் சொல்லும்போது, வெளித்தோற்றத்தில் குன்றியின் சிவப்பு, உள்ளத்தில் அதன் மூக்கின் கறுப்பு என்கிறார். குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தில் முருகனின் ஆடைக்கு உவமையான அதே சிவப்புத்தான் இங்கே வேடமாக மாறியிருக்கிறது. விதையை உடைத்துப் பார்த்தவருக்கு வேறொன்று தோன்றும். கறுப்பு உள்ளே இல்லை. சிவப்பைப் போலவே அதுவும் ஓட்டின் மேற்பூச்சு. உள்ளே இருப்பது வெளிறிய மஞ்சள் நிறத்தில் இரண்டாகப் பிரியும் சாதுவான பருப்பு. நஞ்சு அந்தப் பருப்பில் இருக்கிறது. வெள்ளைக் குன்றி என்று ஒரு வகை உண்டு. அதில் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, நஞ்சு உண்டு. தீமைக்கு ஒரு நிறம் வேண்டும் என்பது நம்முடைய தேவை. குன்றி அதற்கு உடன்படவில்லை.

✽

தங்கத்தை நிறுக்க இந்த விதை ஏன் வந்தது என்பதற்கும் அதே ஓட்டைத்தான் கேட்க வேண்டும். சாதாரண விதை மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கனக்கும், கோடையில் காய்ந்து இளைக்கும். குன்றியின் ஓடு ஈரத்தை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. ஆண்டுக்கணக்கில் எடை பெரிதாக மாறாது. நஞ்சை உள்ளே பூட்டி வைக்கும் ஓடே எடையையும் பூட்டி வைக்கிறது. விதைக்கு விதை வேறுபாடு உண்டு என்பதால் சொத்தையையும் சோடையையும் கழித்து, ஒத்த விதைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது தொழில் செய்பவரின் கண்ணுக்கும் கைக்கும் விட்ட வேலை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல்கள் நீளநீளமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நகைக்கும் இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, அதற்கும் கீழே குன்றி என்று எடை போகிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. பொன்னை நிறுத்தது ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட கல்லால். பேரரசின் கருவூலக் கணக்கு ஆடவல்லானில் தொடங்கி வேலியோரக் கொடியின் விதையில் வந்து முடிகிறது. வடக்கே இதே விதை ரத்தி. 96 ரத்தி ஒரு தோலா, தோலா 11.66 கிராம் என்றால் ரத்தி 0.12 கிராமுக்குக் கொஞ்சம் கூட. இன்றைய எட்டு கிராம் சவரனைக் குன்றிமணியால் நிறுத்தால் ஏறக்குறைய 66 விதை வேண்டும். 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு கிராம் வந்தது, குன்றிமணி பேச்சில் மட்டும் தங்கியது.

எடையாக, பல்லாங்குழிக் காயாக, பிள்ளையார் கண்ணாக: இந்த மூன்று பயனிலும் விதையில் துளை போட வேண்டியதில்லை. ஈரக் களிமண்ணில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். குழியில் போட்டால் உருளும். தட்டில் வைத்தால் நிற்கும். இலங்கையில் சிங்களவர்கள் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ‘ஒலிந்த கெலிய’ பலகை விளையாட்டிலும் இதே விதைதான் காய். அங்கும் துளை கிடையாது. மாலையாகக் கோக்க நினைத்தால்தான் ஊசி வேண்டும். கிருஷ்ணனுக்குக் குன்றிமணி மாலை, தெருவில் விற்கும் மணிமாலை, கைக்கு வளையம் எல்லாம் ஓட்டைத் துளைத்துச் செய்பவை. துளைக்கும்போது பறக்கும் தூள் செய்பவர் மூக்குக்கும், துளைவழி கசிவது அணிந்த குழந்தையின் வாய்க்கும் ஆபத்து. 2011-இல் பிரிட்டனின் ஈடன் பூங்கா உள்ளிட்ட கடைகளில் பெரு நாட்டிலிருந்து வந்த சிவப்பும் கறுப்புமான கைவளையங்களை விற்றார்கள். அவை குன்றிமணி என்று தெரிந்ததும் விற்ற வளையங்களைத் திருப்பிக் கேட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே விதைதான், ஒன்றைக் களிமண்ணில் பதித்தார்கள், மற்றதில் நூல் கோத்தார்கள்.

✽

மருத்துவத்துக்கு வருவோம். குன்றியைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு முதலில் ஆச்சரியம் தருவது, இலை இனிக்கும் என்பது. வாயில் போட்டு மென்றால் முதலில் பச்சை வாடை, பிறகு அதிமதுரத்தின் இனிப்பு. அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் இதிலும் இருக்கிறது. சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் வேறு சில சேர்மங்களையும் 1980-களின் இறுதியில் இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக்கட்டுக்கும் இலையை மெல்வது, வால்மிளகும் கற்கண்டும் சேர்த்துச் சாற்றை விழுங்குவது, இருமலுக்குக் கஷாயம் வைப்பது, மூட்டு வலிக்கு எண்ணெயில் வதக்கிக் கட்டுவது என்று நாட்டு வைத்தியத்தில் இலைக்கு நிறைய வேலை. இலங்கையில் இலைக்கஞ்சியிலும் சேர்ப்பார்கள். வேரும் இனிக்கும், ஆனால் குறைவாக. அதிமதுரத்துக்குப் பதிலாக விற்ற பழக்கத்தை ஒட்டி, 1868-இல் வெளிவந்த ‘இந்திய மருந்துநூல்’ வேரைப் பட்டியலில் சேர்த்தது. ஆயுர்வேதத்தின் சுசுருத சம்ஹிதையோ குன்றியை வேர் நஞ்சுகளின் வரிசையில் வைத்திருக்கிறது. ஒரே வேர் ஒரு நூலில் நஞ்சு, இன்னொரு நூலில் இனிப்பு மருந்து. பாரம்பரியம் என்று ஒருமையில் சொல்லும்போதெல்லாம் இது நினைவில் இருப்பது நல்லது. அங்கே பல குரல்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

விதைக்கு வரும்போது வைத்தியரின் கை மெதுவாகிறது. ஆயுர்வேதம் எருக்கம்பால், கள்ளிப்பால், கண்வலிக்கிழங்கு, அரளி, அபின், ஊமத்தை ஆகியவற்றோடு குன்றியையும் சேர்த்து உபவிஷம் என்று வகுத்தது. நஞ்சு என்று பெயர் வைத்த பிறகுதான் பயனைப் பற்றிப் பேச்சு. பயன் சொல்வதற்கும் முன்னால் சுத்தி.

சுத்தி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதன் நிதானம் புரியும். விதையை உடைத்து ஓட்டை நீக்க வேண்டும். இருபாதிப் பருப்புக்கு நடுவிலுள்ள முளையையும் எடுத்துவிடுவார்கள். பருப்பைத் துணியில் முடிந்து, பானையின் குறுக்கே வைத்த குச்சியில் கட்டித் தொங்கவிட்டு, முடிச்சு அடியில் படாமல் பாலிலோ புளித்த காடியிலோ முங்கும்படி செய்து, ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிறகு கழுவி உலர்த்துவது. மூன்று மணி நேரக் கொதியில் என்ன நடக்கிறது என்பதை இன்று சொல்ல முடியும். அப்ரின் புரதம், சூட்டில் புரதத்தின் மடிப்புக் குலையும், குலைந்தால் ரைபோசோமை அது தொட முடியாது. கண்வலிக்கிழங்கின் நஞ்சு ஆல்கலாய்டு வகை, சூட்டுக்கு அசையாது. அந்தக் கிழங்கை உப்பிட்ட மோரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மோரை மாற்றி மாற்றி நஞ்சை வெளியே இழுத்தார்கள். ஒன்றைக் கொதிக்க வைக்கவும் மற்றொன்றை ஊறவைக்கவும் சொன்னவர்களுக்குப் புரதம் என்றோ ஆல்கலாய்டு என்றோ தெரியாது. எது எதற்கு மசியும் என்பது தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலுக்குப் பின்னால் செத்த ஆடுமாடுகளும் மனிதர்களும் இருந்திருப்பார்கள். ஏட்டில் அவர்கள் கணக்கு ஏறவில்லை.

சுத்தி செய்த பருப்பும் பெரும்பாலும் உடம்புக்கு வெளியேதான் போனது. பக்கவாதத்துக்கும் நரம்பு வலிக்கும் தைலம். தலையில் புழுவெட்டு விழுந்த இடத்தில் அரைத்துப் பூச்சு. புழுவெட்டுக்குக் குன்றிமணி என்பது தமிழ்நாட்டில் இன்றும் காதில் விழும் வைத்தியம். இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. பூசிய இடம் எரியும், சிவக்கும். உடம்பு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கும். இன்றைய தோல் மருத்துவத்திலும் புழுவெட்டுக்கு எரிச்சலூட்டும் மருந்துகளைப் பூசுவது ஒரு வழிமுறை. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புழுவெட்டு விழுந்த பலருக்கு எதுவும் பூசாமலே முடி திரும்ப முளைத்துவிடும். அந்தப் பெருமையைக் குன்றிமணி எத்தனை முறை இலவசமாக வாங்கிக்கொண்டதோ! சொறிந்து புண்ணான தோலில் சுத்தி செய்யாத விழுதைப் பூசினால் நஞ்சு நேராக இரத்தத்துக்குப் போகும். செரிமான நீரைத் தாண்ட வேண்டிய தடைகூட அங்கே இல்லை.

விதையின் இன்னொரு பயனை ஏடுகள் அடக்கிச் சொல்லும். கருக்கலைப்புக்கு அதைப் பயன்படுத்தினார்கள். வெளியே சொல்ல முடியாத கர்ப்பத்தோடு தனித்து விடப்பட்ட பெண்ணுக்கு வைத்தியரும் இல்லை, சுத்தியும் இல்லை, சாமக் கணக்கும் இல்லை. விதை மட்டும் வேலியில் இருந்தது. நாட்டு வைத்தியத்தின் மேன்மையைப் பாடும் கட்டுரைகளில் இந்தப் பெண்களுக்கு இடம் கிடைப்பதில்லை. குன்றியைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிப் போகக்கூடாத இடம் இது.

✽

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த விதை ஐரோப்பாவுக்குப் போனது தனிக்கதை. அங்கே அதன் பெயர் ஜெக்விரிட்டி. பிரேசில் வழியாக வந்த பெயர். கண்ணிமையின் உட்புறம் தடித்துச் சொரசொரத்து, கருவிழியின் மேல் இரத்தக் குழாய்கள் படர்ந்து பார்வையை மறைக்கும் டிரக்கோமாவுக்கு, பிரேசில் கிராமங்களில் விதையை ஊறவைத்த நீரால் கண்ணைக் கழுவும் பழக்கம் இருந்தது. 1882-இல் பாரிஸ் கண் மருத்துவர் லூயி த வெக்கர் இதை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அந்த நீர் பட்ட கண் பயங்கரமாக வீங்கும், சீழ் கட்டும். வீக்கம் வடிந்ததும் சிலருக்குக் கருவிழியின் படலம் விலகிப் பார்வை தெளிந்தது. சிலருக்கு வீக்கத்தோடு கருவிழியும் போயிற்று. புழுவெட்டுக்குச் சொன்ன அதே தர்க்கம்தான்: உடம்பைச் சீண்டிவிட்டுக் காரியம் சாதிப்பது. தலையில் சீண்டினால் தழும்பு. கண்ணில் சீண்டினால் குருடு.

கிருமிகளைக் கண்டுபிடிக்கும் மோகம் உச்சத்தில் இருந்த காலம் அது. இந்த வீக்கத்துக்கு விதைநீரில் வளரும் பாக்டீரியாதான் காரணம் என்று 1883-இல் சாட்லர் என்ற ஆய்வாளர் சொன்னார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் அதை மறுத்தார்கள். கிருமி எதுவும் இல்லை, விதையிலுள்ள புரதமே நஞ்சு என்று காட்டி அதற்கு அப்ரின் என்று பெயரிட்டார்கள். சூடுபடுத்தினால் அதன் வலு போய்விடுகிறது என்பதும் அவர்கள் வேலையில் வந்தது. பானையில் தொங்கிய துணிமுடிச்சுக்கு ஆய்வகத்திலிருந்து வந்த சாட்சி அது. இந்த வாடெல்தான் பின்னாளில் திபெத்தியப் பௌத்தம் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றவர்.

கல்கத்தாவில் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு போலீஸ் காரணமும் இருந்தது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் தோலுக்காக மாடுகளைக் கொல்ல இந்த விதையின் விழுதைப் பயன்படுத்துகிறார்கள் என்று புகார்கள். மாடு பாம்பு கடித்ததுபோல் செத்துக் கிடக்கும். ஆங்கிலேய ஆவணங்கள் பழியைத் தோல் தொழில் செய்யும் சாதியின் தலையில் மொத்தமாக இறக்கின. தோலுக்கு விலை கொடுத்த வியாபாரமும், அந்தத் தோல் ஏறிப்போன கப்பல்களும் அதே அளவுக்கு எழுத்தில் வரவில்லை. ஒரு செடியின் நஞ்சை ஒரு சாதியின் குணமாக எழுதி வைப்பது அந்த அரசாங்கத்துக்குக் கைவந்த கலை.

இதே காலத்தில் வேடிக்கை ஒன்றும் நடந்தது. ஆஸ்திரியாவின் நோவாக் என்பவர் குன்றியின் சிற்றிலைகள் அசைவதை வைத்து மழை, புயல், நிலநடுக்கம் வரை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கிளம்பினார். லண்டன் கியூ தோட்டத்தில் செடியை வைத்துச் சோதித்தார்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப இலை ஏறி இறங்குகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று 1890-இல் அறிக்கை வந்தது. ‘வானிலைச் செடி’ அத்தோடு முடிந்தது.

முடியாமல் வளர்ந்தது பெர்லினில் பால் எர்லிக் செய்த வேலை. 1891-இல் அவர் சுண்டெலிகளுக்கு ரிசினையும் அப்ரினையும் மிகச் சிறிய அளவில் கொடுக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல அளவைக் கூட்டினார். சில வாரங்களில் அந்த எலிகள், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் பல மடங்கைத் தாங்கின. அவற்றின் இரத்தத்தில் நஞ்சை எதிர்க்கும் ஏதோ ஒன்று உருவாகியிருந்தது. ரிசினைத் தாங்கிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. அப்ரினைத் தாங்கியது ரிசினைத் தாங்கவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி எதிர்ப்பு என்பது அங்கே தெளிவாயிற்று. அடுத்த ஆண்டு, தாய் எலியின் எதிர்ப்பாற்றல் பாலின் வழியாகக் குட்டிக்குப் போவதையும் காட்டினார். நோய்த்தடுப்பியலின் அடிப்படைகளில் சில இந்த எலிக்கூண்டில் உருவானவை. 1908-இல் மெச்னிகாவுடன் நோபல் பரிசு அவருக்கு வந்தது. குன்றிமணி செய்த பெரிய வைத்தியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது எவருடைய நோயையும் தீர்க்கவில்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறையை மனிதருக்குக் காட்டிக்கொடுத்தது.

✽

இன்று குன்றியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டத்துக்கு அது ‘அற்புத மூலிகை’: இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது, இத்தனை நோய்க்கு மருந்து. இன்னொரு கூட்டத்துக்கு அது ‘கொலைகார விதை’: தொட்டாலே சாவு, கண்ட இடத்தில் பிடுங்கி எறி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரியும். இரண்டும் செய்யும் தவறு ஒன்றுதான். எந்தப் பாகம், எந்த நிலை, எந்த வழி என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டுச் செடிக்கு ஒரே ஒரு குணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இலை இனிக்கிறது என்பதையும் பருப்பு கொல்கிறது என்பதையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ள அந்தப் பேச்சில் இடமில்லை.

பழைய வழக்கத்தில் செடிக்கு நிலையான குணம் கிடையாது. ஓடு உடையாத விதை எடைக்கல், உடைந்தது நஞ்சு, உடைத்து வேகவைத்தது மருந்துக்கான சரக்கு. இலைக்கு ஒரு சட்டம், விதைக்கு வேறு சட்டம். வாய்க்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, புண்ணுக்கு இன்னொன்று. இந்தச் சட்டங்களில் பல சோதித்துப் பார்க்க வேண்டியவை. சில தவறாகவும் இருக்கலாம். பிரேசில் வழக்கம் எத்தனை கண்களைப் பறித்தது என்பதைப் பார்த்தோம். ஆனால் சட்டம் இருந்தது என்பது முக்கியம். ‘கடிச்சிடாதே’ என்ற பாட்டியும், ‘ஒரு சாமம் வேகவை’ என்ற வைத்தியரும், விதையைத் துளைக்காமல் தட்டில் வைத்த பத்தரும் ஒரே எல்லையைத் தங்கள் தங்கள் தொழிலிலிருந்து காத்தார்கள். தராசு போய், பல்லாங்குழி போய், வைத்தியர் வீடும் பூட்டிய பிறகு எல்லையைச் சொல்ல ஆளில்லை. கொடி மட்டும் வேலியில் இருக்கிறது. விதை இணையக் கடையில் பொட்டலமாக விலைக்கும் வருகிறது.

குன்றிமணியை மருந்தென்று யாராவது சொன்னால் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இலையா, வேரா, விதையா? விதை என்றால் எப்படிச் சுத்தி செய்தது, யார் செய்தது? உள்ளுக்கா, மேலுக்கா? தோல் முழுசாக இருக்கிறதா? எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரியாதவர் சொல்வதில் வைத்தியம் இல்லை, செடியின் பெயர் மட்டும் இருக்கிறது. குழந்தை விதையைக் கடித்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் கேள்விக்கும் நேரமில்லை. ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று காத்திருக்காமல், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அறிகுறி தாமதமாக வரும் நஞ்சு இது.

பழைய ஏடுகளில் எனக்கு நம்பிக்கை தருவது அவை தரும் நோய்ப் பட்டியல் இல்லை. அவை எழுதிய வரிசை: முதலில் நஞ்சு என்று பெயர், அடுத்து சுத்தி, பிறகு அளவு, கடைசியாகப் பயன். இன்றைய மூலிகைப் பேச்சு கடைசி வரியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறவர்கள் அந்த நான்கையும் அதே வரிசையில் சொல்லட்டும். முதல் மூன்றும் தெரியாதென்றால் நான்காவதைச் சொல்ல வேண்டாம்.